78,000 வெள்ளிக் கட்டணமும் ஒரு பொதுச் சுகாதாரப் பட்டமும்

கேள்வி:

வணக்கம் அம்மா. நாங்கள் பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கிறோம். என் மகள் பல்கலைக்கழக நுழைவுக்கான எஸ்டிபிஎம் தேர்வில், அறிவியல் பிரிவில் 3.0 எடுத்திருக்கிறாள். பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யுபியு வழியாகக் கேட்ட எந்தக் கோர்ஸும் கிடைக்கவில்லை. கோவிட் காலத்தில் அப்போதைய சுகாதாரத் தலைமை இயக்குநர் டான்ஸ்ரீ நோர் ஹிஷாம் தினமும் டிவியில் பேசியதைப் பார்த்ததிலிருந்து பொதுச் சுகாதாரம்தான் படிப்பேன் என்று ஒரே பிடிவாதம். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு தனியார் கல்லூரியில் மூன்றாண்டு பொதுச் சுகாதாரப் பட்டப்படிப்பு இருக்கிறது. கட்டணம் 78,000 வெள்ளி (ரிங்கிட்). பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடன் ஏறக்குறைய 30,000 கிடைக்கும் என்கிறார்கள். மீதிக்கு என் வீட்டுக்காரர் 40,000 வெள்ளி பெர்சனல் லோன் எடுத்து, குறைவதை இபிஎஃப் ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து எடுக்கலாம் என்று சொல்கிறார். அவர் பிறையில் டெக்னீஷியன், வயது 53. கல்விக் கண்காட்சியில் பார்த்த முகவர், முடித்தவுடனே 4,500 வெள்ளி சம்பளம் என்று உறுதியாகச் சொன்னார். மாதக் கடைசிக்குள் பணம் கட்டினால் 3,000 வெள்ளி தள்ளுபடியாம். இந்தக் கடன் தகுமா? சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் மகள் ஆசைப்படுவது நல்ல துறை. நான் பல ஆண்டுகளாகப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் தொழில்சார் சுகாதாரம், பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். புதிய பட்டதாரிகளைப் பேட்டி எடுத்து வேலைக்குச் சேர்ப்பதும் என் பொறுப்பு. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: இந்தப் பட்டத்துக்கு பிடிபிடிஎன் கடன் தகும், பெர்சனல் லோன் தகாது. அதனால் இந்தக் கல்லூரியில் இந்தக் கட்டணத்துக்கு இப்போது சேர்க்க வேண்டாம். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன். பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் மொத்தச் செலவு. 78,000 என்பது கட்டணம் மட்டும்தான். பிள்ளை கிள்ளான் பள்ளத்தாக்கில் மூன்று வருடம் தங்க வேண்டும். அறை வாடகை, சாப்பாடு, பஸ், போன் எல்லாம் சேர்த்து மாதம் 1,000 வெள்ளி என்று சிக்கனமாக வைத்தாலும் 36,000 ஆகிவிடும். ஆக, நீங்கள் முடிவெடுக்க வேண்டிய தொகை 114,000 வெள்ளி. பெரும்பாலான குடும்பங்கள் இந்த இரண்டாவது தொகையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. மாதாமாதம் அப்பாவின் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

அடுத்து, உங்கள் வீட்டில் பேச்சில் இருக்கும் மூன்று வகைப் பணம். மூன்றும் ஒன்றல்ல.

பிடிபிடிஎன் கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு உஜ்ரா, அதாவது வட்டிக்குப் பதிலான சேவைக் கட்டணம். படிப்பு முடிந்து ஓராண்டு அவகாசம் உண்டு. 30,000 வெள்ளியை 15 ஆண்டுகளில் கட்டுவதாக வைத்தால், உஜ்ரா 4,500 சேர்ந்து 34,500 ஆகும். மாதத்துக்கு ஏறக்குறைய 192 வெள்ளி. உங்கள் மகளே, அவள் சம்பளத்திலிருந்து, வேலைக்குப் போன பிறகு கட்டுவாள்.

பெர்சனல் லோன் அப்படியில்லை. வங்கி 6 விழுக்காடு என்று சொல்வதாக வைப்போம். அது நிலையான வட்டி என்றால், கடைசி மாதம்வரை முழு 40,000க்கும் வட்டி போட்டுக்கொண்டே இருப்பார்கள், நீங்கள் பாதியை அடைத்திருந்தாலும் சரி. ஏழு வருடத்துக்கு வட்டி மட்டும் 16,800. மொத்தம் 56,800. மாதத் தவணை 676 வெள்ளி. குறையும் நிலுவைக்கு வட்டி போடும் முறைக்கு மாற்றிப் பார்த்தால் இது ஆண்டுக்கு ஏறக்குறைய 10½ விழுக்காடு. இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. இந்தத் தவணை அடுத்த மாதமே ஆரம்பித்துவிடும். பிள்ளை படித்து முடிப்பதற்குள் உங்கள் வீட்டுக்காரர் 24,000 வெள்ளிக்கு மேல் கட்டியிருப்பார். அதோடு மாதாமாதம் 1,000 வெள்ளித் தங்கும் செலவும் அவர் தலையில்தான். அவருக்கு இப்போது 53. ஏழு வருடக் கடன் அவருடைய 60 வயதில் முடியும். நம் நாட்டில் குறைந்தபட்ச ஓய்வு வயதும் 60தான். கடைசி ஏழு வருடச் சம்பளம் முழுக்க இந்தத் தவணையோடு கட்டிப்போட்டதாகிவிடும். இடையில் ஆலையில் ஆட்குறைப்பு வந்தாலோ, உடம்புக்கு முடியாமல் போனாலோ, அந்த 676 நிற்காது.

இபிஎஃப் பணத்தைப் பற்றி. பிள்ளையின் மேற்படிப்புக்கு இபிஎஃப்பின் செஜாத்தெரா கணக்கிலிருந்து எடுக்க அனுமதி இருக்கிறது. ஆனால் 2024க்கு இபிஎஃப் கொடுத்த லாப ஈவு 6.3 விழுக்காடு. 1 விழுக்காட்டில் கடன் கிடைக்கும்போது, 6.3 விழுக்காடு ஈட்டும் பணத்தை எடுத்துச் செலவழிப்பது எந்தக் கணக்கிலும் சேராது. எனவே பிடிபிடிஎன் தரும் தொகையை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். "கடனே வேண்டாம், இபிஎஃப்பில் எடுத்துக் கட்டிவிடுவோம்" என்று சொந்தக்காரர்கள் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வேறு வழியே இல்லை, பெர்சனல் லோனா இபிஎஃப்பா என்ற நிலை வந்தால் மட்டும், இபிஎஃப் பரவாயில்லை. ஆனால் அந்த நிலைக்கே போக வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை.

இனிச் சம்பளத்துக்கு வருவோம். முகவர் சொன்ன 4,500 எந்த வேலைக்கு, எத்தனை வருட அனுபவத்துக்கு என்று கேட்டீர்களா? நான் பேட்டி எடுக்கும் புதிய பட்டதாரிகளுக்கு இங்கே பினாங்கில் கிடைப்பது பெரும்பாலும் 2,400 முதல் 3,000 வெள்ளிக்குள்தான். 2,600 என்று வைத்துக்கொண்டு ஒரு சம்பளச் சீட்டைப் பார்ப்போம். இபிஎஃப் 11 விழுக்காடு, 286 வெள்ளி போகும். சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் வேலைக் காப்புறுதியும் சேர்ந்து இன்னொரு 18 வெள்ளி போல. கையில் வருவது 2,296 வெள்ளி. அதில் பிடிபிடிஎன்னுக்கு 192 என்றால் தாங்கும். அப்பாவின் லோன் தவணையையும் நானே கட்டுகிறேன் என்று பிள்ளை எடுத்துக்கொண்டால் (நல்ல பிள்ளைகள் அப்படித்தான் செய்வார்கள்) மொத்தம் 868 வெள்ளி. கையில் வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். மிச்சமிருக்கும் 1,400 சொச்சத்தில் மோட்டார் சைக்கிள் தவணை, பெட்ரோல், சாப்பாடு, வீட்டுக்குக் கொடுப்பது எல்லாம். வேலை கோலாலம்பூரில் என்றால் அறை வாடகையும் சேரும்.

என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்லும் அளவு ஒன்று உண்டு. படிப்புக்காக வாங்கிய எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதத் தவணை, முதல் வருடம் கையில் வாங்கும் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. உங்கள் மகளுக்கு அது 230 வெள்ளி. 192 உள்ளே அடங்குகிறது. 868 எங்கேயோ போய் நிற்கிறது.

பிள்ளை இணையத்தில் வேறு கணக்கு பார்த்திருக்கலாம். அமெரிக்காவில் தொற்றுநோயியல் நிபுணர்களின் நடுத்தர ஆண்டுச் சம்பளம், 2023 மே மாதக் கணக்குப்படி, 81,390 டாலர். அது உண்மைதான். ஆனால் அங்கேயும் அந்த வேலைக்கு வழக்கமாக முதுகலைப் பட்டம் கேட்கிறார்கள். இளங்கலை முடித்தவர்கள் வாங்கும் சம்பளம் அதுவல்ல. நம் நாட்டுக்கு அந்த எண் எந்த வகையிலும் பொருந்தாது.

டிவியில் பார்த்து ஆசைப்பட்ட வேலையைப் பற்றியும் பிள்ளைக்கு யாராவது நேராகச் சொல்ல வேண்டும். டான்ஸ்ரீ நோர் ஹிஷாம் ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர். சுகாதார அமைச்சில் நோய்ப் பரவலை ஆராய்ந்து முடிவெடுக்கும் இடங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் மருத்துவம் படித்து, அதற்கு மேல் பொதுச் சுகாதாரத்தில் சிறப்புத் தகுதி பெற்றவர்கள். இந்த மூன்றாண்டுப் பட்டம் அந்த நாற்காலிக்குப் போகும் பாதை கிடையாது. இது தெரிந்த பிறகும் இந்தத் துறைதான் வேண்டும் என்று அவள் சொன்னால் எனக்கு மிகவும் சந்தோஷம். ஏனென்றால் துறையில் மற்ற வேலைகள் நிறைய இருக்கின்றன, நல்ல ஆட்கள் தேவைப்படுகிறார்கள்.

அந்த வேலைகளுக்குப் போகும் கதவு எது என்பதில்தான் பட்டத்தின் மதிப்பு இருக்கிறது. "பொதுச் சுகாதாரம்" என்ற பெயரில் நம் நாட்டில் பதிவு பெற்ற தொழில் எதுவும் கிடையாது. 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம், 774ஆவது சட்டம், எந்தெந்தத் தொழிலுக்குப் பதிவு வேண்டும் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரி இருக்கிறார். சுகாதாரக் கல்வி அதிகாரி இருக்கிறார். உணவியலாளரும் பிசியோதெரபிஸ்டும் இருக்கிறார்கள். பட்டம் இவற்றில் ஒன்றுக்கு இட்டுச் செல்கிறதா என்பதே கேள்வி. ஆகவே கல்லூரியிடம் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: "இந்தப் பட்டத்தை வைத்து என் மகள் மலேசியத் துணைச் சுகாதாரத் தொழில் மன்றத்தில் பதிவு செய்ய முடியுமா, எந்தத் தொழிலின் கீழ்?" பதிலும் எழுத்தில் வரட்டும். போனில் "செய்யலாம் செய்யலாம்" என்று சொல்வதை ஏற்காதீர்கள்.

கூடவே எம்கியூஏ என்ற மலேசியத் தகுதி நிறுவனத்தின் பதிவேட்டில் அந்தக் கோர்ஸ் பெயரைத் தேடிப் பாருங்கள். யாரும் இலவசமாகப் பார்க்கலாம். தற்காலிக அங்கீகாரம் மட்டும் இருக்கிறதா, முழு அங்கீகாரம் கிடைத்துவிட்டதா என்று கவனியுங்கள். அரசாங்க வேலைக்கு முழு அங்கீகாரம் முக்கியம்.

அரசாங்க வேலை என்றதும் பெற்றோருக்கு ஒரு நிம்மதி வரும், எனக்குப் புரிகிறது. சுகாதார அமைச்சின் பட்டதாரிப் பதவிகள் பொதுச் சேவை ஆணையத்தின் வழியாக நிரப்பப்படுகின்றன. அவற்றின் பழைய யு41 என்ற சம்பள நிலை 2024 டிசம்பர் முதல் புதிய சம்பள முறையில் யு9 ஆகியிருக்கிறது. பினாங்கு மாநகர் மன்றம் போன்ற ஊராட்சி மன்றங்கள் தங்களுக்கான ஆட்களைத் தாங்களே எடுக்கின்றன. முயற்சி செய்ய வேண்டும், விண்ணப்பம் எப்போதும் போட்டு வைத்திருக்க வேண்டும். ஆனால் அது கிடைக்கும் என்று நம்பிக் கடன் வாங்கக் கூடாது.

பினாங்கில் இருப்பவர்களுக்கு வேறொரு கதவு அகலமாகத் திறந்திருக்கிறது, அதுதான் என் துறை. பாயான் லெப்பாஸ், பிறை, பத்து காவான் என்று இத்தனை ஆலைகள் இருக்கின்றன. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்பு, சுகாதார அதிகாரி வைக்கக் கட்டாயமில்லாத இடங்களில்கூட, ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும். பெரிய இடங்களில் பதிவு பெற்ற அதிகாரியே வேண்டும். சாதாரண உற்பத்தி ஆலை என்றால் 500 பேருக்கு மேல், இரசாயன ஆலை என்றால் 100 பேருக்கு மேல், கட்டுமானம் என்றால் 2 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட குத்தகை. இந்தப் பதிவுக்கான பயிற்சியையும் தேர்வையும் முடித்து, மூன்று வருடம் துறையில் வேலை செய்திருந்தால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். முகவர் சொன்ன 4,500 போன்ற தொகை இந்தப் பதிவும் அனுபவமும் சேர்ந்த பிறகு பேசக் கூடியது.

வேலை எப்படி இருக்கும் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். காலையில் இயந்திரப் பிரிவுக்குப் போய், ஒரு தொழிலாளியின் தோளில், காதுக்குப் பக்கத்தில், சட்டைப் பட்டன் அளவில் ஒரு மைக்கைக் குத்திவிடுவோம். எட்டு மணி நேர ஷிஃப்ட் முழுக்க அவர் கேட்கும் சத்தத்தை அது பதிவு செய்யும். 2019ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி அன்றாட வரம்பு 85 டெசிபெல். 82ஐத் தாண்டினாலே அது அளவுக்கு மிஞ்சிய சத்தம், நடவடிக்கை தொடங்க வேண்டும். எண்ணைப் படிப்பது சுலபம். அதற்குப் பிறகு உற்பத்தி மேலாளரிடம் போய், இந்த இயந்திரத்துக்கு உறை போட வேண்டும், இத்தனை செலவாகும் என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைப்பதுதான் வேலையின் பாதி. நேபாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளிகளிடம் காது அடைப்பானை ஏன் கழற்றக் கூடாது என்று புரியவைக்கவும் வேண்டும். இருபது வருடம் கழித்து ஒருவர் பேரப்பிள்ளை பேசுவதைக் கேட்க முடிகிறது என்றால் அதில் இந்த வேலைக்குப் பங்கு உண்டு. இதுவும் பொதுச் சுகாதாரம்தான், டிவியில் வராத பொதுச் சுகாதாரம்.

இதில் மனம் லயித்தால், அவளுக்கு ஏற்ற பட்டம் சுற்றுச்சூழல், தொழில்சார் சுகாதாரம். யுபிஎம் என்ற புத்ரா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நம் பினாங்கு யுஎஸ்எம் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது, ஆனால் கெலுகோர் வளாகத்தில் இல்லை, கிளந்தான் குபாங் கெரியானில் உள்ள சுகாதார வளாகத்தில். பொதுப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடக் கல்விக் கட்டணம் பெரும்பாலும் இந்தத் தனியார் கல்லூரியின் ஒரு செமஸ்டர் கட்டணத்துக்குள் அடங்கிவிடும். பிடிபிடிஎன் 24,000 வாங்கினாலும் மாதம் 153 வெள்ளிதான்.

எனவே முதல் வேலை யுபியு மேல்முறையீடு. அதற்கான நாட்கள் மிகவும் குறைவு, முடிவு வந்தவுடன் திறந்து சீக்கிரம் மூடிவிடுவார்கள். இந்த வருடம் தப்பியிருந்தால் அடுத்த வருடத்துக்குத் தயாராகலாம். அவள் தேர்ந்தெடுத்த கோர்ஸ்களின் வரிசையை எடுத்து வைத்துப் பாருங்கள். 3.0 எடுத்த பிள்ளைகள் மருத்துவம், மருந்தியல் என்று மேலே அடுக்கிவிட்டு, கிடைக்கக் கூடிய கோர்ஸைக் கடைசியில் போடுவதை அடிக்கடி பார்க்கிறேன். எஸ்டிபிஎம் தாள்களைத் திரும்ப எழுதி மதிப்பெண்ணை உயர்த்தவும் வழி இருக்கிறது.

ஒரு வருடம் வீணாகுமே என்று கவலைப்படுவீர்கள். வீணாகாது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் ஓர் ஆலையின் பாதுகாப்புப் பிரிவிலோ கிளினிக்கிலோ உதவியாளராக வேலை பார்த்தால், வருடக் கடைசியில் கையில் சில ஆயிரம் சேரும். துறை தனக்கு ஒத்துவருமா என்பதும் தெரிந்துவிடும். அப்படி ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு வரும் பிள்ளைகளைப் பேட்டியில் உடனே அடையாளம் காண முடிகிறது.

கல்வி உதவித்தொகையையும் இந்த இடைவெளியில் தேடுங்கள். பினாங்கு இந்து அறப்பணி வாரியம் மாநிலத்து மாணவர்களுக்குக் கல்வி உதவி கொடுக்கிறது. எம்ஐஇடி என்ற கல்வி நிறுவனம் கல்விக் கடன் கொடுக்கிறது. தாத்தா பாட்டி யாராவது தோட்டத்தில் இருந்த காலத்தில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்கியிருந்தார்களா என்று பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் அந்தப் பங்குப் பத்திரம் அலமாரியில் மறந்து கிடக்கிறது; இருந்தால் அந்தச் சங்கத்திலும் கல்வி உதவி கேட்டுப் பார்க்கலாம். பிடிபிடிஎன்னுக்கு விண்ணப்பிக்க எஸ்எஸ்பிஎன் என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு தேவை, அதை இப்போதே திறந்து வைத்துவிடலாம். முதல் வகுப்பில் தேறினால் பிடிபிடிஎன் கடனைக் கட்ட வேண்டாம் என்று ஒரு சலுகையைப் பற்றிச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அதன் நிபந்தனைகள் பலமுறை மாறியிருக்கின்றன. கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

எப்போது என் பதில் மாறும் என்றும் சொல்லிவிடுகிறேன். கல்லூரி எழுத்தில் தெளிவான பதில் கொடுத்து, முழு அங்கீகாரமும் இருந்து, கட்டணத்தில் பாதிக்கு மேல் உதவித்தொகையாகக் கிடைத்து, பெர்சனல் லோன் இல்லாமல் முடியும் என்றால், தாராளமாகச் சேருங்கள். மாதக் கடைசித் தள்ளுபடிக்காக அவசரப்பட வேண்டாம். 3,000 வெள்ளித் தள்ளுபடி, லோனுக்குக் கட்டப்போகும் 16,800 வட்டியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. கல்லூரிகள் அடுத்த சேர்க்கையிலும் ஏதாவது ஒரு தள்ளுபடி வைத்திருப்பார்கள்.

அப்பா லோன் எடுக்க மறுத்தால் பிள்ளை அவரோடு வருத்தப்படலாம். அதற்கு முன்பே மூவரும் உட்கார்ந்து, ஒரு தாளில் இந்த எண்களை அவள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். 114,000, 676, 2,296, 192. கட்டண விவரத்தையும் வங்கி கொடுத்த தவணை அட்டவணையையும் அவளிடமே கொடுங்கள், உங்கள் வங்கி சொல்லும் வட்டியைப் போட்டு அவளே திரும்பக் கணக்குப் பார்க்கட்டும். கல்லூரிக்குக் கேள்வி எழுதும் மின்னஞ்சலையும் அவளே அனுப்பட்டும். பதில் வந்ததும் எனக்கு அனுப்பி வையுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை லோன் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.